நேபாளக் குமாரி: குழந்தையை தெய்வமா உக்கார வைக்கிறது மரியாதையா, தண்டனையா?

2025 செப்டம்பர் 30, நேபாளத்து தசராவான தசாயின் திருவிழாவோட அஷ்டமி. காத்மாண்டுல 2 வயசு 8 மாசமே ஆன ஒரு பெண் குழந்தையை வீட்டுலேருந்து தூக்கிட்டு வந்து புது குமாரியா உக்கார வெச்சாங்க. ஜனங்க வரிசையில நின்னு அந்தக் குழந்தையோட காலைத் தொட்டுக் கும்பிட்ட படம் உலகம் பூரா ஓடுச்சு. அதே நேரத்துல, 2017லேருந்து குமாரியா இருந்த 11 வயசுப் பொண்ணு குமாரி தங்கற கட்டடத்தோட பின்வாசல் வழியா பல்லக்குல ஏறி வெளிய போனா, அவளைப் பத்தி செய்திகள்ல ரெண்டு வரிதான் வந்துச்சு.

இந்த செய்தி வர்றப்பல்லாம் நம்மாளுங்க ரெண்டு கட்சியா பிரிஞ்சிடறாங்க. ஒரு பக்கம் "எத்தனை ஜென்மத்துப் புண்ணியமோ, நாட்டோட ஜனாதிபதியே வந்து தலை குனியறார்"னு சொல்றாங்க, இன்னொரு பக்கம் "பால்குடி மறக்காத குழந்தையைப் பூட்டி வைக்கிறது கொடுமை, போலீஸ் என்ன பண்ணுது"ன்னு கேக்கறாங்க. ரெண்டு பேருக்குமே குமாரின்னா என்ன, எதுக்கு வந்துச்சு, உள்ள என்ன நடக்குது, இறங்கின பிறகு என்ன ஆகுதுன்னு பாதிதான் தெரியும், அதனால அடியிலேருந்து ஒவ்வொண்ணா பாப்போம்.

குமாரின்னா யாரு

காத்மாண்டு பள்ளத்தாக்கோட பழைய குடிங்க நேவார் மக்கள். அவங்கள்ல இந்துவும் உண்டு, பௌத்தரும் உண்டு, ரெண்டு தரப்பும் ஒண்ணுக்குள்ள ஒண்ணா கலந்து கிடக்கும், ஒரே கோயில், ஒரே திருவிழா. பௌத்த நேவார்கள்ல சாக்யா, பஜ்ராசார்யான்னு ரெண்டு குலம், பரம்பரையா புத்த விகாரைகளைச் சேந்தவங்க. சாக்யா குலத்துக்காரங்க புத்தர் பிறந்த வம்சத்தோட வழி நாங்கன்னு சொல்லிக்குவாங்க.

தலேஜு பவானின்னு ஒரு தெய்வம், துர்கையோட ஒரு வடிவம், காத்மாண்டுவை ஆண்ட மல்ல ராஜாக்களோட குலதெய்வம். அந்த தேவி வயசுக்கு வராத ஒரு சின்னப் பொண்ணோட உடம்புல வந்து குடியிருக்கான்றதுதான் நம்பிக்கை, அந்தப் பொண்ணுதான் குமாரி. குழந்தை பிறந்தது பௌத்த வீட்டுல, உள்ள இருக்கறதா நம்பறது இந்து தெய்வம், பௌத்தங்க அதே குழந்தையை வஜ்ரதேவியா கும்பிடறாங்க. இப்படி ரெண்டு மதமும் ஒரே குழந்தை முன்னாடி சேந்து உக்கார்றது சாதாரண விஷயம் இல்ல, குமாரி பழக்கத்தை விமர்சிக்கறவங்க இதைக் கண்டுக்காம தாண்டிப் போயிடறாங்க, அது தப்பு.

நம்ம ஊர்ல சாமி வர்றதோட இதைக் குழப்பிக்கக் கூடாது. இங்க ஒரு அம்மாவுக்கு சாமி வந்தா அரை மணி நேரம் ஆடும், குறி சொல்லும், கற்பூரம் காட்டினா மலையேறிடும், அப்புறம் அந்த அம்மா முந்தானையை உதறிட்டு எழுந்து வீட்டுக்குப் போய் உலை வைக்கும். குமாரி விஷயத்துல தேவி மலையேற எட்டு ஒன்பது வருஷம் ஆகும். இந்தக் கட்டுரையில பாக்கப் போற அத்தனை சிக்கலும் இந்தக் கால அளவுலதான் இருக்கு.

குமாரி ஒரே ஒருத்தர் இல்ல. காத்மாண்டு, பாத்தன், பக்தபூர்னு பழைய நேவார் ஊர்கள்ல தனித்தனியா உண்டு. நியூஸ்ல வர்றது காத்மாண்டுவோட ராஜ குமாரி. அவங்க இருக்கற வீட்டுக்குப் பேரு குமாரி கர், பசந்தபூர் தர்பார் சதுக்கத்துல இருக்கு, 1757ல ஜெயப்பிரகாஷ் மல்லான்ற ராஜா கட்டினது. சிவப்பு செங்கல், மர வேலைப்பாடுள்ள ஜன்னல், நடுவுல ஒரு முற்றம். பாக்க வர்றவங்க அந்த முற்றத்துல நிமிந்து பாத்துக்கிட்டு நிப்பாங்க, மேல ஒரு ஜன்னல்ல குழந்தை சில நொடி வந்து எட்டிப் பாக்கும், போட்டோ எடுக்கக் கூடாது, அவ்ளோதான் தரிசனம்.

எப்படித் தேர்ந்தெடுக்கறாங்க

காத்மாண்டு குமாரிக்கு சாக்யா குலத்துல 2 வயசுலேருந்து 4 வயசு வரைக்கும் உள்ள பொண்ணுங்களைப் பாப்பாங்க. 32 லட்சணம் இருக்கணும்னு ஒரு பட்டியல் உண்டு: சங்கு மாதிரி கழுத்து, ஆலமரம் மாதிரி உடம்பு, பசு மாதிரி இமை, மான் மாதிரி தொடை, சிங்கம் மாதிரி மார்பு. நம்ம பழைய பாட்டுல வர்ற கேசாதிபாத வர்ணனை மாதிரிதான் இருக்கும், ஆனா இது வர்ணனைக்கு இல்ல, செக்லிஸ்ட். நடைமுறையில முக்கியமா பாக்கறது என்னன்னா உடம்புல தழும்பு இருக்கக் கூடாது, ஒரு பல் கூட விழுந்திருக்கக் கூடாது, பெருசா நோய்நொடி வந்திருக்கக் கூடாது, இருட்டைக் கண்டு பயப்படக் கூடாது. அப்புறம் ஜாதகம், முன்னாடியெல்லாம் அது ராஜாவோட ஜாதகத்தோட பொருந்தணும். பஜ்ராசார்யா குருமாருங்க, அரண்மனை குரு, தலேஜு கோயில் பூசாரி, ஜோசியர் இவங்கல்லாம் சேந்து முடிவு பண்ணுவாங்க.

இதுல ஒரு கதையைத் திருத்தணும். இருட்டு அறையில 108 எருமைத் தலை, ஆட்டுத் தலையை வெட்டி வெச்சு, முகமூடி போட்டு ஆம்பளைங்க ஆடி பயமுறுத்துவாங்க, அழாத குழந்தைதான் தேவின்னு எல்லா இடத்துலயும் எழுதறாங்க. 1980கள்ல ராஜ குமாரியா இருந்த ரஷ்மிலா சாக்யா பெரியவங்களான பிறகு தன் வாழ்க்கையை எழுதினப்ப இதை மறுத்திருக்காங்க, முகமூடி ஆட்டம் எதுவும் கிடையாது, வருஷா வருஷம் தசாயின்ல நடக்கற பலிச் சடங்கை தேர்வோட சேத்து ஊதிப் பெருசாக்கிட்டாங்கன்னு சொல்றாங்க. உள்ள இருந்தவங்களே சொல்றதை விட்டுட்டு சுற்றுலா கைடு சொல்றதை நம்பி கொதிக்கறதுல அந்தக் குழந்தைக்கு ஒரு பிரயோஜனமும் இல்ல. உண்மையான பிரச்சனை அந்த ஒரு ராத்திரியில இல்ல.

இந்தத் தேர்வு முழுக்கப் பாத்தா ஒண்ணு தெரியும். குழந்தை எதையும் சாதிச்சு இந்த இடத்துக்கு வரல. கெட்டிக்காரத்தனம், உழைப்பு, குணம் எதுக்கும் மார்க் இல்ல. காயம் படாத உடம்புக்கும் பிறந்த குலத்துக்கும் பிறந்த நேரத்துக்கும்தான் மார்க். "உனக்கு சம்மதமா"ன்னு கேக்கற கட்டமே கிடையாது, கேட்டாலும் ரெண்டே முக்கால் வயசுக் குழந்தை என்ன சொல்லும்.

ராஜாவுக்கு எதுக்கு ஒரு குழந்தை வேணும்

குமாரி எப்படி வந்தான்னு ரெண்டு மூணு கதை இருக்கு. பிரபலமானது, மல்ல ராஜா ராத்திரியில தலேஜு தேவியோட தாயம் ஆடுவாராம், ஒரு நாள் தேவியைத் தப்பான பார்வை பாத்துட்டாராம், தேவி கோச்சுக்கிட்டு, இனிமே நேர்ல வரமாட்டேன், சாக்யா குலத்துப் பொண்ணோட உடம்புல வந்து இருக்கேன்னு சொல்லிட்டுப் போயிட்டாளாம்.

இன்னொரு கதை இந்தக் கட்டுரைக்கு இன்னும் நெருக்கமானது. ஊர்ல ஒரு சின்னப் பொண்ணு மேல துர்கை வந்துட்டான்னு பயந்து ராஜா அந்தப் பொண்ணை ஊரை விட்டே விரட்டிடறார். விஷயம் தெரிஞ்சு ராணி கொதிச்சுப் போய், உடனே கூட்டிட்டு வந்து தேவியா உக்கார வைங்கன்னு சண்டை போட, ராஜா அதே பொண்ணை திருப்பிக் கூட்டிட்டு வர்றார். ஒரே காரணத்துக்கு முதல்ல ஊர்விலக்கு, அப்புறம் சிம்மாசனம். கதை நடந்ததோ இல்லையோ, சொன்னவங்களுக்கு ஒண்ணு புரிஞ்சிருக்கு, ஒருத்தரைத் தனியா பிரிச்சு வைக்கிறதுன்றது ரெண்டு பக்கமும் ஒரே மாதிரிதான் ஆரம்பிக்குது.

கதையை விட்டுட்டு அரசியலைப் பாத்தா விஷயம் தெளிவாயிடும். இந்திர ஜாத்ரா திருவிழாவுல குமாரி ராஜாவுக்கு நெத்தியில டீக்கா வெச்சு விடணும், அதான் இன்னொரு வருஷம் ஆள்றதுக்கு தேவி கொடுக்கற அனுமதி. 1768ல கோர்க்கா ராஜா பிரித்வி நாராயண் ஷா காத்மாண்டுவைப் பிடிச்சது சரியா இந்த இந்திர ஜாத்ரா சமயத்துலதான். ஊரே திருவிழாவுல இருக்கு, ஜெயப்பிரகாஷ் மல்லா ஓடிட்டார், வெளியூர்லேருந்து படையோட வந்தவர் திருவிழாவை நிறுத்தாம நடக்க விட்டு, மல்லா ராஜாவுக்கு வெக்க வேண்டிய டீக்காவைத் தான் வாங்கிக்கிட்டார். வாள் ஊரைப் பிடிச்சுக் குடுத்துச்சு, குழந்தையோட விரல் ஆட்சியைக் குடுத்துச்சு. 1954ல குமாரி திரிபுவன் ராஜாவுக்கு வெக்காம பட்டத்து இளவரசர் மகேந்திராவுக்கு டீக்கா வெச்சுட்டான்னும், 1955ல ராஜா இறந்து போனார்னும் இன்னிக்கும் அங்க சொல்லுவாங்க.

2008 மே மாசம் நேபாளத்துல மன்னராட்சியே முடிஞ்சு போச்சு. குமாரி போகல. ராஜா நின்ன இடத்துல இப்ப ஜனாதிபதி நின்னு டீக்கா வாங்கிக்கறார். மதச்சார்பற்ற குடியரசுன்னு எழுதி வெச்ச நாடு கூட அந்தக் குழந்தையோட ஆசிர்வாதத்தை விடத் தயாரா இல்ல. ஏன்னா அந்தப் பதவி ஆள்றவங்களுக்கு அவ்ளோ பயன்படுது, பயன் யாருக்குன்றதை மனசுல வெச்சுக்கங்க, கடைசியில இங்கதான் திரும்பி வரணும்.

மரியாதையே எப்படி வேலியாகுது

குமாரியை யாரும் அடிக்கறதில்ல, பட்டினி போடறதில்ல, திட்டறது கூட இல்ல. பரம்பரையா பாத்துக்கற ஒரு குடும்பம் கூடவே இருக்கும், தினம் காலையில தலேஜு பூசாரி வந்து பூஜை பண்ணுவார், சிவப்புப் பட்டு, தங்க நகை, திருவிழா நாள்ல நெத்தி நிறைய சிவப்பு பூசி நடுவுல மூணாவது கண் வரைவாங்க. அப்ப கஷ்டம் எங்கேருந்து வருதுன்னு கேட்டா, ஒவ்வொரு கஷ்டமும் ஒரு மரியாதையோட மறுபக்கமா வருது. வரிசையா பாப்போம்.

1. தேவி சுத்தமானவ, அதனால வெளி மண்ணு அவ கால்ல படக் கூடாது. குமாரி கர் வீட்டை விட்டு வெளிய வந்தா பல்லக்கு, தேர், இல்ல யாராவது தூக்கிட்டுப் போகணும், செருப்பு கிடையாது. வெளிய வர்றதே வருஷத்துல சில திருவிழாக்களுக்குத்தான். விளைவு, நாலு வயசுலேருந்து பன்னெண்டு வயசு வரைக்கும் ஒரு குழந்தை தெருவுல நடந்ததே இல்ல.

2. தேவிக்கு எல்லாம் தெரியும், அதனால அவளுக்குப் பாடம் எடுக்கற தகுதி யாருக்கும் கிடையாது. பள்ளிக்கூடம் இல்லாம போனதுக்கு அலட்சியமோ வறுமையோ காரணம் இல்ல, பக்திதான் காரணம். "அ"ன்னா என்னன்னு சரஸ்வதிக்கே சொல்லிக் குடுக்க நீ யாருன்ற மாதிரி.

3. தேவியோட முகம் சகுனம். பக்தர் எதிர்ல இருக்கறப்ப குமாரி அழுதாலோ சத்தமா சிரிச்சாலோ வந்தவருக்கு பெரிய நோய், சாவு. கண்ணைக் கசக்கினா சாவு கிட்ட வந்துருச்சு. நடுங்கினா ஜெயில். காணிக்கையா வெச்ச சாப்பாட்டை எடுத்துக் கொறிச்சா பணநஷ்டம். சும்மா சலனமே இல்லாம பாத்துட்டு இருந்தா நினைச்ச காரியம் நடக்கும். இதை ஒரு நிமிஷம் குழந்தை பக்கத்துலேருந்து யோசிங்க. மூணு வயசுக் குழந்தைக்கு தூக்கம் வந்தா கண்ணைக் கசக்கும், அது அந்த வயசோட வேலை. இங்க அந்தக் கை கண்ணுக்குப் போனா எதிர்ல உக்காந்திருக்கற பெரிய மனுஷனுக்கு முகம் வெளுத்துடும். குழந்தை அதைப் பாக்கும், வார்த்தை புரியாட்டியும் முகம் புரியும். கொஞ்ச நாள்ல அதுவே தன் முகத்தைக் கட்டி வெச்சுக்கக் கத்துக்கும். போட்டோக்கள்ல குமாரிகள் எல்லாரும் ஒரே மாதிரி அசையாம பாக்கறது இதனாலதான், தெய்வக் களைன்னு நாம சொல்றதுல பாதி அந்தக் குழந்தை கத்துக்கிட்ட அடக்கம்.

4. தேவிக்கு மேல யாரும் இல்ல. பாத்துக்கறவங்க வீட்டுப் பசங்க, சாக்யா குலத்துப் பசங்க சிலர் விளையாட வருவாங்க, ஆனா குமாரி கேட்டதைக் குடுத்துடணும், தோக்கவும் விடக் கூடாது. விட்டுக் குடுக்கறது, சண்டை போட்டு சமாதானம் ஆகறது, தோத்துட்டு அழறது இதெல்லாம் குழந்தைங்க விளையாட்டுலதான் கத்துக்கும், அந்த வாசலும் மூடியாச்சு.

இந்த நாலையும் சேத்துப் பாத்தா, மரியாதை தனியா தண்டனை தனியான்னு பிரிக்கவே முடியல. ஒரே துணியோட ரெண்டு பக்கம். அதனாலதான் அங்க போய் "குழந்தையைக் கொடுமைப் படுத்தறீங்க"ன்னு சொன்னா நேவார் மக்களுக்கு உண்மையாவே புரியறதில்ல, எங்க வீட்டுப் பொண்ணையே நாங்க கால்ல விழுந்து கும்பிடறோமே, இதுல எங்க கொடுமைன்னுதான் கேப்பாங்க. அவங்க பொய் சொல்லல.

இன்னொண்ணு, ரத்தம் சம்பந்தமான நோய், மாதவிடாய்க் கோளாறு இருக்கறவங்க குறிப்பா குமாரிகிட்ட வந்து வேண்டிக்குவாங்க, அந்த நோய்களைத் தீக்கற சக்தி அவளுக்கு உண்டுன்னு நம்பிக்கை. அவளோட சொந்த மாதவிடாய் வந்தா அன்னியோட பதவி போச்சு.

இறங்கற நாள்

வயசுக்கு வந்தாலோ, வர்ற வயசு நெருங்கினாலோ, அடிபட்டு நிறைய ரத்தம் போனாலோ, பெரிய நோய் வந்தாலோ தேவி உடம்பை விட்டுப் போயிட்டதா அர்த்தம். புது குமாரியைத் தேடுவாங்க, பழைய குமாரி வீட்டுக்குப் போவா.

அந்த வீடுன்றது அவளுக்கு சரியா ஞாபகம் இல்லாத வீடு. மூணு நாலு வயசுல விட்டுட்டு வந்தது. அப்பா அம்மா அவ்வப்போது வந்து பாத்திருப்பாங்க, ஆனா கும்பிட்டுட்டுப் போனவங்க. இப்ப அதே அம்மாதான் தட்டை எடுத்து வைம்மா, தலை வாரிக்கோன்னு சொல்லணும், சொல்ல அந்த அம்மாவுக்கும் வாய் வராது.

நடக்கறது பெரிய விஷயம். பாத்தன் குமாரியா 2001லேருந்து 2010 வரைக்கும் இருந்த சனிரா பஜ்ராசார்யா, இறங்கின பிறகு வெளிய சரியா நடக்கத் தெரியாம அப்பா அம்மா ரெண்டு பக்கமும் கையைப் பிடிச்சு நடக்கப் பழக்கினதைப் பேட்டிகள்ல சொல்லியிருக்காங்க. கால் ஆரோக்கியமாத்தான் இருக்கு, ஆனா அந்தக் காலுக்கு மேடு பள்ளம் தெரியாது, எதிர்ல ஸ்கூட்டர் வந்தா எந்தப் பக்கம் ஒதுங்கணும்னு தெரியாது, கூட்டம்னா ஜனங்க தானா வழி விடுவாங்கன்னுதான் பழக்கம், இங்க தோள்ல இடிச்சுட்டுப் போறாங்க. காத்மாண்டுவோட பழைய கடைத்தெருக்கள்ல பெரியவங்களே திணறுவாங்க, பன்னெண்டு வயசுப் பொண்ணு அங்க முதல் தடவையா செருப்பு போட்டு நடக்குது.

படிப்பும் அப்படித்தான். ரஷ்மிலா 12 வயசுல வெளிய வந்து, தன்னைவிட சின்னப் பசங்களோட உக்காந்து படிச்சாங்க. அப்புறம் விடாம படிச்சு ஐடி டிகிரி வாங்கி அந்தத் துறையில வேலைக்கும் போனாங்க, அது அவங்களோட பிடிவாதம். எல்லாக் குழந்தைக்கும் அந்தப் பிடிவாதம் இருக்கணும்னு நாம எதிர்பாக்க முடியாது.

இதுக்கு மேல ஒரு மூடநம்பிக்கை வேற, முன்னாள் குமாரியைக் கட்டிக்கறவன் சீக்கிரமே ரத்தம் கக்கி செத்துடுவான்னு. நிஜத்துல முன்னாள் குமாரிகள் பலர் கல்யாணம் பண்ணி குழந்தை குட்டியோட நல்லா இருக்காங்க, ஆனா பொண்ணு பாக்க வர்ற வீட்டுல இந்தப் பேச்சு முதல்ல வந்து உக்காந்துக்கும். தேவியா இருந்த வரைக்கும் அவ காலைத் தொட்டா நல்லது நடக்கும், இறங்கின பிறகு கையைப் பிடிச்சா கெட்டது நடக்கும். ஆள் ஒண்ணுதான்.

இறங்கவே இல்லாத ஒருத்தர்

பாத்தன்ல தன குமாரி பஜ்ராசார்யான்னு ஒருத்தர். 1954ல ரெண்டு வயசுல குமாரியா உக்கார வெச்சாங்க. அவங்களுக்கு மாதவிடாய் வரவே இல்ல, அதனால விதிப்படி தேவி போகல, முப்பது வருஷம் குமாரியாவே இருந்தாங்க. 1980கள்ல இளவரசர் தீபேந்திரா பாத்தனுக்கு வந்தப்ப இவங்களைப் பாத்து "ஏன் இவ்ளோ வயசா இருக்காங்க"ன்னு கேட்டதாவும் அதுக்கப்புறம்தான் பூசாரிங்க வேற குழந்தையைத் தேடினதாவும் சொல்றாங்க. ஒரு சின்னப் பையன் கேட்ட கேள்வியில முப்பது வருஷம் முடிஞ்சது.

ஆனா அவங்க தேவி தன்னை விட்டுப் போகலன்னு நம்பினாங்க. வீட்டுக்குள்ளயே அதே சிவப்பு உடை, அதே ஆசனம், அதே ஒதுங்கின வாழ்க்கை. 2015 ஏப்ரல் பூகம்பத்துல வீடு ஆடினப்ப வேற வழியில்லாம, அறுபது வயசு தாண்டின நிலையில, வாழ்க்கையிலயே முதல் தடவையா தன் கால்ல நடந்து தெருவுக்கு வந்தாங்க.

இவங்களுக்குக் கிடைச்சது மரியாதையா தண்டனையான்னு வெளியிலேருந்து பாக்கற நாம தீர்ப்பு எழுதிட முடியாது. அவங்க தண்டனைன்னு சொல்லல. ஆனா ரெண்டு வயசுலேருந்து வேற எதையுமே பாக்காத ஒருத்தர் "எனக்கு இதுவே போதும்"னு சொல்றதுக்கும், நாலையும் பாத்துட்டு ஒருத்தர் அதையே சொல்றதுக்கும் வித்தியாசம் இருக்குன்றது மட்டும் மறக்கக் கூடாது.

கோர்ட் என்ன சொல்லுச்சு

குமாரி பழக்கம் குழந்தை உரிமையை மீறுதுன்னு வக்கீல் புன் தேவி மகர்ஜன் நேபாள உச்ச நீதிமன்றத்துக்குப் போனாங்க. மகர்ஜன்றதும் நேவார் பேருதான், அதனால வெளியாளுங்க வந்து எங்க பண்பாட்டுல கை வைக்கறாங்கன்னு இதைத் தள்ளிட முடியல. 2008 ஆகஸ்ட்ல தீர்ப்பு வந்துச்சு. கோர்ட் பழக்கத்தைத் தடை பண்ணல, பலர் அப்படி நினைச்சுட்டு இருக்காங்க. குமாரியா இருக்கறதுனாலயே ஒரு குழந்தையோட படிப்பு, உடல்நலம், நடமாட்டம் மாதிரி உரிமைகளைப் பறிக்க முடியாதுன்னு சொல்லுச்சு, நேபாளம் கையெழுத்துப் போட்ட ஐநா குழந்தை உரிமை ஒப்பந்தம் இவங்களுக்கும் பொருந்தும்னு சொல்லுச்சு.

இன்னிக்கு குமாரி கர் வீட்டுக்குள்ளயே டீச்சர் வந்து பாடம் எடுக்கறாங்க, பரிட்சை அங்கேயே எழுதலாம், டிவி இருக்கு. பதவியில இருக்கறப்ப மாச உதவித்தொகை, இறங்கின பிறகு பென்ஷன். பெரிய தொகைன்னு சொல்ல முடியாது, இருந்தாலும் முன்னாடி காலத்தோட ஒப்பிட்டா பெரிய மாற்றம்.

அதே தேவி, வேற ஏற்பாடு

இங்கதான் எனக்கு விஷயம் தெளிவாகுது. மூணு ஊரையும் பக்கத்துல வெச்சுப் பாருங்க. காத்மாண்டு குமாரி குடும்பத்தை விட்டுத் தனியா குமாரி கர்ல இருக்கா. பாத்தன் குமாரி சொந்தக் குடும்பத்தோட இருக்கலாம், சனிரா குமாரியா இருந்தப்பவே படிப்பை விடாம தொடர்ந்து, பின்னாடி பிசினஸ் படிப்பு வரைக்கும் போனது அதனாலதான். பக்தபூர் குமாரி வீட்டுல இருந்து பள்ளிக்கூடம் போய் வரலாம், திருவிழா நாள்ல மட்டும் முழு தேவி.

பக்தபூர்லயும் சிக்கல் வராம இல்ல. 2007ல அந்த ஊர் குமாரி, அப்ப 10 வயசு இருக்கும், ஒரு ஆவணப்பட விஷயமா அமெரிக்கா போயிட்டு வந்தா. ஊர்ப் பெரியவங்க கடல் கடந்து போனவ தேவி இல்லன்னு பதவியைப் பறிக்கறதா சொல்லி, அப்புறம் சுத்திகரிப்புச் சடங்கு பண்ணா போதும்னு இறங்கி வந்தாங்க. இதையும் கவனிக்கணும், ஒரு சடங்கு போதும்னு அவங்களே வழி கண்டுபிடிச்சாங்க. விதி கல்லுல செதுக்கினது இல்ல, வேணும்னா வளையும்.

இன்னும் தள்ளிப் போனா, வங்காளத்துல பேலூர் மடத்துல 1901லேருந்து துர்கா பூஜையில குமாரி பூஜை நடக்குது, விவேகானந்தர் ஆரம்பிச்சது. ஒரு சின்னப் பொண்ணை அலங்காரம் பண்ணி உக்கார வெச்சு அம்மனா கும்பிடுவாங்க. நம்ம பக்கம் நவராத்திரியில வீட்டுக்கு ஒரு குழந்தையைக் கூப்பிட்டு மனையில உக்கார வெச்சு நலங்கு இட்டு பாவாடைத் துணி குடுத்து அனுப்பற கன்யா பூஜையும் இதே மரபுதான். குழந்தை சாயந்திரம் வீட்டுக்குப் போய் புதுப் பாவாடையோட தெருவுல ஓடும், மறுநாள் ஸ்கூல்.

தேவி அதே தேவி, பக்தியும் குறைச்சல் இல்ல. அப்ப குழந்தையோட நஷ்டத்துக்குக் காரணம் வழிபாடு இல்ல. குடும்பத்துலேருந்து பிரிக்கறது, வருஷக்கணக்கா ஒதுக்கி வைக்கிறது, இந்த ஏற்பாடுதான் காரணம். "பழக்கம் வேணுமா வேணாமா"ன்னு ரெண்டே கட்சியா சண்டை போடறவங்க இந்த நடுவுல இருக்கற இடத்தைப் பாக்கறதே இல்ல. முன்னாள் குமாரிகள்ல பலர் அந்த வருஷங்களைப் பெருமையா நினைச்சுப் பேசறாங்க, மூடிடுங்கன்னு கேக்கல, மாத்துங்கன்னு கேக்கறாங்க, அவங்க பேச்சுக்குத்தான் இதுல முதல் எடை குடுக்கணும்.

அப்ப மரியாதையா, தண்டனையா

ஒருத்தரைப் பொறுக்கி எடுத்து உசரமான இடத்துல வைக்கறப்ப, அந்த இடத்தோட பேரையும் நகையையும் பாத்து முடிவு பண்ணா ஏமாந்துடுவோம். கேக்க வேண்டியது மூணு கேள்வி.

1. பலன் யாருக்குப் போகுது, விலை யாரு குடுக்கறா? ராஜாவுக்கு ஆட்சி உறுதியாச்சு, ஜனாதிபதிக்கு ஆசிர்வாதம், ஊருக்குத் திருவிழா, குடும்பத்துக்கு குலத்துக்குள்ள மதிப்பு. விலை முழுக்க குழந்தையோட எட்டு ஒன்பது வருஷம். மரியாதை ஆசனத்துக்குப் போகுது, செலவு மட்டும் அதுல உக்காந்தவ கணக்குல ஏறுது.

2. வேணாம்னு சொல்ல முடியுமா? குழந்தையால முடியாது. பெத்தவங்க தன் பொண்ணைத் தேர்வுக்கே அனுப்பாம இருக்கலாம், ஆனா வயசு வந்த ஒருத்தர் துறவறம் எடுத்துக்கறதும் இதுவும் ஒண்ணாகாது.

3. இறங்கறப்ப கையில என்ன இருக்கு? எனக்கு இதுதான் முக்கியமான கேள்வி. ஏன்னா சம்மதம் வாங்கறது எந்தக் காலத்துலயும் முடியாத காரியம், ரெண்டு வயசுக் குழந்தைகிட்ட அது கிடைக்காது. ஆனா திரும்பி வர்ற வழியை ஒழுங்கு பண்றது முழுக்க பெரியவங்க கையில இருக்கு. வயசுக்கேத்த வகுப்புல நேரா போய் உக்கார்ற அளவு படிப்பு, கூட வளர்ந்த அம்மா அப்பா, சமமா சண்டை போட்ட ரெண்டு சிநேகிதங்க, தெருவுல நடக்கத் தெரிஞ்ச காலு. இதெல்லாம் இருந்தா அந்த வருஷங்கள் அவளுக்கு மரியாதையா ஞாபகம் இருக்கும். இல்லன்னா அவ எவ்ளோ தங்கம் போட்டிருந்தாலும் அது தண்டனைதான், செய்யாத தப்புக்கு.

2008 தீர்ப்பு படிப்பை உள்ள கொண்டு வந்துச்சு. குடும்பத்தை உள்ள கொண்டு வரல, குழந்தையை வெளிய கூட்டிட்டு வரல. பாத்தன்லயும் பக்தபூர்லயும் தேவி கோச்சுக்காம ஒத்துக்கிட்டதை காத்மாண்டு தேவியும் ஒத்துக்குவான்னு சொல்ற தைரியம் அங்க இருக்கற குருமாருங்களுக்கும் அரசுக்கும்தான் வரணும், அதுக்கு சாஸ்திரத்தை உடைக்க வேண்டிய அவசியம் இல்ல, பக்கத்து ஊர் வழக்கத்தைப் பாத்தா போதும்.

செப்டம்பர் 30 அன்னிக்கு முன்வாசல்ல உள்ள போன குழந்தைக்கு இன்னும் மூணு வயசு கூட முடியல. தோராயமா 2034 பக்கத்துல ஒரு தசாயின்ல அவளும் அந்தப் பின்வாசல் வழியா வெளிய வருவா. அன்னிக்கும் பல்லக்குலதான் வருவா. பல்லக்கை அவ வீட்டு வாசல்ல இறக்கி வெச்ச பிறகு, அடுத்த நாள் காலையில அவ பக்கத்துத் தெரு வரைக்கும் யாரும் கையைப் பிடிக்காம நடந்து போறாளான்னு பாக்கணும்.